உண்ணி கடித்துச் சைவமானவன்

மின்கம்பிகளில் உரசும் மரக்கிளைகளை வெட்டுவதுதான் அவனுக்கு வேலை. நுனியில் கொக்கியும் ரம்பமும் பொருத்திய நீளக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்ததில், மின்சார அலுவலகத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் அவனுக்குக் கொக்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. மனைவிக்குக் கோபம் வந்தால் மட்டும் அவன் "இந்த மனுஷன்" ஆகிவிடுவான்.

துணிச்சல்காரன் என்று பேர் எடுத்தவன். கூடை வைத்த தூக்கு வண்டியில் ஏறி, மாடி வீடுகளின் தலைக்கு மேலே நின்று, காற்றில் கூடை ஊஞ்சலாக ஆடும்போதுகூட ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கிளையை அறுப்பான். அப்படிப்பட்டவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து நடுங்குகிறான் என்றால் யார்தான் நம்புவார்கள்? தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் அவனுடைய மைத்துனன், மனைவியின் தம்பி.

மைத்துனன் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தான். ஆளும் உருண்டையாக இருப்பான். அதனால் டயர் என்று அவனுக்கு ஒரு பெயர். கொக்கியையும் டயரையும் உறவுக்காரர்கள் என்று சொல்வதைவிடச் சாப்பாட்டுக் கூட்டாளிகள் என்று சொல்வதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்தேதான் கறிக்கடைக்குப் போவார்கள். மதியம் சேர்ந்தேதான் உட்காருவார்கள். எலும்பை உறிஞ்சுவதில் போட்டி நடக்கும்.

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ஆட்டை உயிரோட கட்டிப் போட்டாக்கூட கயிறுதான் மிஞ்சும்" என்று மனைவி சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே புதர் மண்டிய பாதையில் கம்பிகளுக்குக் கீழே சுத்தம் செய்யும் வேலை வந்தது. இடுப்பளவுக்குப் புல். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகிலும் தொடையிலும் உண்ணிகள் கடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மனைவி விளக்கடியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவாள்.

"மாட்டுக்குத்தான் உண்ணி பிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"நான் மட்டும் என்ன? மாடு மாதிரிதானே உழைக்கிறேன்" என்று அவன் சிரிப்பான்.

அந்த வேலை முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு நாள், மதியம் வழக்கம்போல டப்பாவில் கொண்டுபோன கறியைச் சாப்பிட்டுவிட்டுக் கூடையில் ஏறினான். வெயில் சாயும் நேரத்தில் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. கையுறைக்குள் ஏதோ பூச்சி போய்விட்டது என்று நினைத்துக் கழற்றினான். உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது. அடுத்து காது, அடுத்து உதடு. "இறக்குடா" என்று கீழே நின்ற வண்டிக்காரனைக் கூப்பிட வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. நாக்கு வாய் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவு உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் கம்பி ஓட, தொண்டைக்குள் மூச்சு ஊசித் துவாரம் வழியாகப் போவதுபோலக் கீச்சிட்டது. கையில் இருந்த ரம்பத்தை நழுவவிட்டான். அது தரையில் விழுந்த சத்தத்தில்தான் வண்டிக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

பிழைத்தான். என்ன காரணம் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதேபோல வந்தபோதுதான், ஒவ்வாமை பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தி ஒரு விசித்திரமான கேள்வி கேட்டாள்.

"உங்களை எப்பவாவது உண்ணி கடிச்சிருக்கா?"

"கடிக்காத நாள் எதுன்னு கேளுங்க டாக்டரம்மா."

அவள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு விளக்கினாள். சில உண்ணிகள் கடித்தால் சிலருடைய ரத்தம் மாறிப்போகும். அதற்குப் பிறகு ஆடு, மாடு, பன்றி என்று பால் கொடுக்கும் பிராணிகளின் கறி உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்கு நிற்கும். அதுவும் உடனே இல்லை. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, சாப்பிட்டதே மறந்துபோன பிறகு.

"கோழி, மீன் தாராளமா சாப்பிடலாம். பாலும் சீஸும் உங்களுக்கு ஒண்ணும் செய்யல, அதனால பயமில்ல. மத்த கறி மட்டும் வேண்டவே வேணாம். அடுத்த தடவை எவ்வளவு மோசமா வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

மற்றதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிருக்கலாம். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பேனா மாதிரி ஒரு ஊசியைக் கொடுத்து, மூச்சு இறுகினால் தொடையில் வைத்து அழுத்தவேண்டும், அழுத்தியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தாள்.

கோழி சாப்பிடலாம் என்றுதான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்து கோழித்துண்டைக் கையில் எடுத்ததும், இதை வெட்டிய கட்டையில் இதற்கு முன்னால் எதை வெட்டினானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. துண்டு வாய்க்குப் போகாமல் தட்டுக்கே திரும்பிவிட்டது. மீனுக்கும் அதே கதி. எண்ணெய் எது, கரண்டி எது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எதுவுமே வேண்டாம் என்று சுத்த சைவமாகிவிட்டான். கடையில் மிட்டாய் வாங்கினால்கூட உறையைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தைப் படிப்பான். ஜெல்லி மிட்டாயில் எலும்பிலிருந்து எடுத்தது ஏதோ இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

வேலையிடத்தில் கிண்டல் தாங்கவில்லை. "சாமியாரே, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று காலில் விழுவார்கள். அவனும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டுச் சிரிப்பான். வீட்டுக்கு வந்து படுத்தால் சிரிப்பு வராது. தூக்கத்தில் எச்சில் விழுங்கும்போதுகூடத் தொண்டை அடைக்கிறதா என்று மனசின் ஒரு பகுதி விழித்தே இருக்கும்.

டயரால் மட்டும் இதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

"உண்ணி கடிச்சா கறி ஆகாதாம்! கொசு கடிச்சா காபி ஆகாதா? டாக்டரே கோழி சாப்பிடுன்னு சொல்லியும் அவர் சாப்பிடலையே அக்கா. அப்ப இது வியாதி இல்ல. பயம். மேல இருந்தப்ப ஒரு தடவை மூச்சு முட்டிப் போச்சு, அந்தப் பயம் போகல."

"நீ அவர் மூஞ்சிய அன்னிக்குப் பாக்கல. பாத்திருந்தா இப்படிப் பேசமாட்ட" என்பாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவது குறைந்தது. வந்தாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். எதிரே உட்கார்ந்து கத்தரிக்காயைக் கிளறிக்கொண்டிருக்கும் மச்சானைப் பார்த்தால் தனக்கும் இறங்கவில்லை என்பான்.

இந்த வருஷம் டயர் ஒரு பழைய வேன் வாங்கினான். அந்தச் சந்தோஷத்தில் அக்காவையும் மச்சானையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியே சாப்பிடக் கூப்பிட்டான்.

"பீட்சாக் கடைக்குப் போலாம் மச்சான். அங்க சைவமே தனியா இருக்கு. போர்டுல இலைப் படம் போட்டு எழுதியிருப்பான். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

கொக்கிக்கு வெளியே சாப்பிடுவது என்றாலே பயம். இருந்தும் மறுக்க மனம் வரவில்லை. எத்தனை தடவைதான் மறுப்பது? நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். சட்டைப் பையில் ஊசி துருத்திக்கொண்டு தெரிகிறது என்று மனைவி அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடை ஒன்றும் ஆடம்பரமில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆட்டம் காணும் மேசைக்குக் கீழே மடித்த அட்டை. சுவரில் சாக்பீஸால் எழுதிய பலகை. பின்பக்கம் ஒரு தடுப்புக்கு அப்பால் அடுப்பு வாயைத் திறந்துகொண்டு சிவந்து தெரிந்தது. அதன் முன்னால் தொப்பி போட்ட அடுப்புக்காரர் மாவை விரித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மாவு ஒட்டிய ஒரு பெண் மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தாள்.

கொக்கி அடுப்படியையே பார்த்தான். வெந்த பீட்சா ஒன்று வெளியே வந்தது. அடுப்புக்காரர் சக்கரக் கத்தியை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். மேலே கறித்துண்டுகள். அதே கத்தியை ஒரு துணியில் துடைத்துவிட்டு அடுத்ததை வெட்டினார். கொக்கிக்கு நெற்றி வியர்த்தது.

பரிமாறும் பெண் வந்தாள்.

"இந்தச் சைவ பீட்சாவுல என்னம்மா போடுவீங்க?"

"குடைமிளகா, வெங்காயம், சோளம், காளான் சார்."

"கறி எதுவும் இருக்காதே?"

"சைவத்துல எப்படி சார் கறி இருக்கும்?"

"இல்லம்மா... வெட்டுற கத்தி?"

அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "வேற கத்தி எடுக்கச் சொல்றேன் சார்" என்றாள். அந்தச் சாஸ் கரண்டி, அந்தத் தட்டு, மாவு விரிக்கும் பலகை என்று இன்னும் கேட்கவேண்டியது ஏராளம் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

டயர் எழுந்தான். "நீங்க கவலையே படாதீங்க மச்சான். அடுப்புக்காரர் நம்ம கடைக்கு வர்றவர்தான். அவர் வண்டிக்கு நான்தான் பஞ்சர் ஒட்டுறேன். நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

தடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவன் ஏதோ சொல்வதும், அடுப்புக்காரர் தலையை ஆட்டிச் சிரிப்பதும் கொக்கிக்குத் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. தெரிந்தவன் ஒருவன் பொறுப்பெடுத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடுகிறது.

இரண்டு பீட்சா வந்தன. மனைவிக்கும் டயருக்கும் பெரிய கோழி பீட்சா. கொக்கிக்குத் தனியாகச் சின்னது. தவறிக்கூடத் துணுக்கு விழக்கூடாது என்று மனைவி தன் தட்டை மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொண்டாள். கொக்கி ஒரு துண்டை எடுத்து மேலும் கீழும் பார்த்தான். பச்சையும் மஞ்சளுமாகக் காய்கள். உருகிய சீஸ். முதல் வாயைக் கடித்து வழக்கம்போல நாக்கிலேயே சற்று நேரம் வைத்திருந்தான்.

நன்றாக இருந்தது. நன்றாக என்றால் சாதாரண நன்றாக இல்லை. சாஸில் ஏதோ ஒரு ருசி, அடிநாக்கில் போய் ஒட்டிக்கொண்டது.

"காளானைப் பொடிப்பொடியா நறுக்கிச் சாஸ்ல வதக்கியிருக்கான் போல" என்றான்.

"அப்படியா மச்சான்? சாப்பிடுங்க, சாப்பிடுங்க." டயர் தன் பீட்சாவை மறந்துவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் பூரித்துக் கிடந்தது.

ஒரு துண்டு இரண்டானது. இரண்டு மூன்றானது. ரொம்ப நாள் கழித்துக் கொக்கி விரலை நக்கினான். மனைவிக்கே ஆச்சரியம். "பசியோட சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு" என்றாள். மூவரும் ஏதேதோ பேசினார்கள். வேனுக்குப் பெயின்ட் அடிப்பதா வேண்டாமா என்று பேசினார்கள். கடைசித் துண்டையும் கொக்கி முடித்து, காகிதத்தில் கையைத் துடைத்தான்.

டயர் மேசையில் ஓங்கித் தட்டினான். "நான் சொல்லல? பயம்தான்! வெறும் பயம்!"

"என்னடா சொல்ற?" என்றாள் அக்கா.

"மச்சான் சாப்பிட்டது காளான் இல்லக்கா. கொத்துக்கறி. காய்க்கு அடியில நான்தான் போடச் சொன்னேன். முழுசா சாப்பிட்டாரு. என்ன ஆச்சு? கல்லு மாதிரி உக்காந்திருக்காரு பாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சிடலாம் மச்சான்!"

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக் குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

கொக்கிக்கு முதலில் எதுவும் கேட்கவில்லை. காதுக்குள் தூக்கு வண்டி எஞ்சின் ஓடுவதுபோல ஒரு இரைச்சல். பிறகு நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து கைகழுவும் இடத்துக்கு ஓடினான். தொண்டைக்குள் விரலை விட்டான். கொஞ்சம் வந்தது. மறுபடி விட்டான். கண்ணாடியில் தெரிந்த முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போனது முழுக்க வெளியே வந்துவிட்டதா, எவ்வளவு தங்கிவிட்டது என்று யாரைக் கேட்பது?

திரும்பி வந்தபோது மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பரிமாறும் பெண் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது சார். தட்டுல வச்சுக் குடுத்தாங்க, நான் கொண்டு வந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுப்புக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஆசைக்குக் கேக்குறாருன்னு நெனச்சேங்க, உடம்புக்கு ஆகாதுன்னு இவர் சொல்லவே இல்லையே" என்றார்.

"ஒண்ணுமே ஆகலையே அக்கா! ஏன் ரெண்டு பேரும் இப்படி..."

"உடனே ஆகாதுடா!" மனைவி போட்ட சத்தத்தில் கடையே அடங்கியது. "சாயங்காலம் ஆகும். அதான் அந்த வியாதி. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒரு தடவையாவது காது குடுத்துக் கேட்டியா? வேனை எடு. ஆஸ்பத்திரிக்குப் போ."

டயரின் சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தில் அது எப்படிப் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் நர்ஸ் எல்லாம் பார்த்தாள். நாடி சரி. ரத்த அழுத்தம் சரி. நாக்கு, தொண்டை சரி. ஒரு மாத்திரை கொடுத்தாள்.

"இப்ப ஒண்ணும் தெரியலைங்க."

"வரும்மா" என்றான் கொக்கி. கடன்காரன் வருவான் என்று சொல்வதுபோல இருந்தது அவனுக்கே.

"இங்கயே உக்காருங்க. ஏதாவது தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க."

உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்திருந்ததைப்போல ஒரு கொடுமையை அவன் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. வலி இல்லை, அரிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் அது வயிற்றுக்குள் இருந்தது. எங்கே போய்க்கொண்டிருக்கிறது, ரத்தத்தில் கலந்துவிட்டதா, வாசலில் வந்து நிற்கிறதா என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எச்சிலை விழுங்கிப் பார்த்தான். உதட்டை விரலால் தடவி, தடித்திருக்கிறதா, எப்போதும் இப்படித்தானா என்று மனைவியிடம் கேட்டான். குரல் இருக்கிறதா என்று சோதிக்க, சுவரில் எழுதியிருந்த அறிவிப்பை மெல்லிய குரலில் வாசித்தான். அமைதி காக்கவும். செருப்பை வெளியே விடவும். மறுபடி அமைதி காக்கவும்.

கைப்பைக்குள் விட்ட கையை மனைவி வெளியே எடுக்கவே இல்லை. உள்ளே ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

டயர் எதிர்ச் சுவரோரமாக நின்றான். அவ்வப்போது கிட்டே வந்து, "ஒண்ணும் இல்லல்ல மச்சான்?" என்பான். அக்கா பார்க்கும் பார்வையில் பின்வாங்கிப் போவான்.

நேரம் போனது. சன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து நாற்காலிக் காலைத் தொட்டது. நர்ஸ் மறுபடி வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக டயருக்கு நிறம் திரும்பியது. கொக்கிக்குள்ளும் என்னவோ நடந்தது. பயத்துக்கு நடுவில் ஒரு ஆசை தலைநீட்டியது. ஒருவேளை போய்விட்டதோ? சிலருக்கு வருஷங்கள் போகப் போகக் குறையலாம் என்று டாக்டரம்மாவே ஒருமுறை சொல்லியிருந்தாளே? ஒருவேளை இவன் சொல்வதுபோல வெறும் பயம்தானோ? அப்படியானால் இனி மிட்டாய் உறையைப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகலாம். ராத்திரி நிம்மதியாக எச்சில் விழுங்கலாம். அந்த நினைப்பே தேனாக இருந்தது.

"வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வரலாமா?" என்று எழுந்தான்.

"வேணாங்க. இருட்டுற வரைக்கும் இங்கயே இருப்போம்" என்றாள் மனைவி.

"இங்கதானே, வேன் பக்கம்தான். உக்காந்து உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சு."

மூவரும் வெளியே வந்தார்கள். மர நிழலில் வேன் நின்றது. கொக்கி அதில் சாய்ந்துகொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டான். "மாப்ள, நீ பண்ணினது தப்புதான்டா. ஆனா..." என்று ஆரம்பித்தான்.

பேச்சு நின்றது. வலது உள்ளங்கையை இடது கை சொறிந்துகொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள்.

"என்னங்க?"

பதில் சொல்வதற்குள் காது நெருப்பாகச் சுட்டது. கழுத்திலிருந்து தோளுக்குத் திட்டுத்திட்டாகச் சிவப்பு இறங்கியது. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். தொண்டையில் பழைய கீச்சுச் சத்தம். இந்தத் தடவை அது நிதானமாக வரவில்லை. கதவை உடைத்துக்கொண்டு வந்தது. வேனின் பக்கவாட்டில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். மரக்கிளைகள் தலைக்கு மேலே சுற்றின. கிளை கம்பியைத் தொடுகிறது, வெட்டவேண்டும் என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பின்னால், நான் சாகப்போகிறேன் என்று இன்னொன்று மிகத் தெளிவாக வந்தது.

மனைவி கைப்பையைத் தலைகீழாகக் கொட்டவில்லை, தேடவில்லை. ஊசி அவள் கையிலேயே இருந்தது. மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, கால்சட்டைத் துணியோடு சேர்த்து அவன் தொடையில் வைத்து அழுத்தினாள். "என்னைப் பாருங்க. என்னையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டயர் குனிந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டான். மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள், அன்றைக்கு அந்த முற்றத்தைக் குறுக்கே ஓடியே கடந்தான். "யாராவது வாங்க, யாராவது வாங்க" என்று சின்னப் பிள்ளைபோல அலறிக்கொண்டு ஓடினான். அந்தத் தோளில் தொங்கிக்கொண்டே கொக்கி அவனுடைய அழுகையைக் கேட்டான். பிறகு வெள்ளை விளக்குகள், முகத்தில் ஒரு முகமூடி, யாரோ கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடினார்கள். பிறகு எதுவும் இல்லை.

கண் விழித்தபோது மூச்சு தாராளமாகப் போய் வந்தது. தொண்டை மட்டும் சிராய்த்ததுபோல எரிந்தது. வாசலிலேயே இருந்ததால் தப்பித்தான் என்று டாக்டர் சொன்னார். வீட்டிலோ வழியிலோ இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். மறுநாள் வரை வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

டயர் ராத்திரி முழுக்க நடைபாதைத் தரையில் உட்கார்ந்திருந்தானாம். அக்கா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் உள்ளே வந்து கட்டில் கால்மாட்டில் நின்றான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"கொல்லணும்னு செய்யல மச்சான்."

"தெரியும்டா."

"நீங்க பழைய மாதிரி ஆயிடுவீங்கன்னு நெனச்சேன். தனியா உக்காந்து சாப்பிடவே பிடிக்கல எனக்கு."

கொக்கி என்னவோ சொல்ல நினைத்தான். தொண்டை எரிந்தது. கையை மட்டும் அசைத்தான். அது போ என்பதா, பரவாயில்லை என்பதா என்று டயருக்குப் புரியவில்லை. புரியாமலே வெளியே போனான்.

பீட்சாக் கடையில் அந்தப் பெண்ணை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவி நேரில் போய், தப்பு அவளுடையது இல்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாள். கொக்கி போகவில்லை. அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. வேலைக்குத் திரும்பி, கூடையில் ஏறி, பழையபடி கிளை வெட்டினான். உயரத்தைக் கண்டு இப்போதும் அவனுக்குப் பயமில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவை மட்டும் மனைவி கையால்தான் மூடவேண்டும், அவன் கையால்தான் திறக்கவேண்டும். நடுவில் யார் கையும் படக்கூடாது.

டயர் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. மாதங்கள் போயின. மனைவி வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் தம்பியை நினைத்து அவள் மௌனமாகிவிடுவதைக் கொக்கி கவனித்தான். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் பஞ்சர் கடை முன்னால் சைக்கிளை நிறுத்தினான்.

டயர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் அப்படியே எழுந்து நின்றான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

"வாங்க மச்சான். உக்காருங்க."

தலைகீழாகக் கவிழ்த்த ஒரு டின்னில் கொக்கி உட்கார்ந்தான். வேன் எப்படி ஓடுகிறது என்று கேட்டான். கிளட்ச் தகராறு பண்ணுகிறது என்றான் டயர். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். உன்னை வரச் சொன்னாள் என்று கொக்கி ஒரு பொய் சொன்னான். டயர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் இரண்டு டம்ளரில் டீ வாங்கி வந்தான். ஒன்றை நீட்டினான்.

கொக்கி வாங்கிக்கொண்டான். வெறும் டீதான். எதிர்க்கடையில் போட்டது. அவன் கண் முன்னாலேயே ஆற்றிக் கொடுத்தது. எல்லாம் தெரியும். டம்ளரை உதட்டருகே கொண்டுபோனான். உள்ளங்கை ஈரமானது. குடித்துவிடு, ஒரு வாய் குடித்துவிடு என்று தனக்குத் தானே சொன்னான். கை மேலே எழவில்லை. இந்தக் கையிலிருந்து வந்தது என்பதை அவன் மறந்தாலும் அவன் தொண்டை மறக்கத் தயாராக இல்லை.

டயர் பார்த்தான். அந்த டம்ளரை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கி, தன்னுடையதோடு சேர்த்துத் தானே குடித்தான்.

"பரவால்ல மச்சான்" என்றான்.

"கோவம் இல்லடா மாப்ள."

"தெரியும்."

"பயம்தான்டா. நீ சொன்ன மாதிரியே பயம்தான்."

டயர் தலையைக் குனிந்துகொண்டு டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினான். கொக்கி எழுந்து போகவில்லை. ஒட்டு காயும்வரை அந்த டின்னிலேயே உட்கார்ந்து, கிளட்சுக்கு யாரிடம் காட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தான்.